யானையையும் பார்க்கணும்... சுகரையும் பார்க்கணும்! முதுமலைக்கு ஒரு குடும்பப் பயணம்

"நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க சாமி. நான் ஊட்டைப் பார்த்துக்கறேன்."

ஈரோட்டில் இருக்கும் அந்த வீட்டில் ஐந்து வருஷமாக இதே வசனம்தான். கொடைக்கானல் கிளம்பியபோதும் இதையே சொன்னார், ராமேஸ்வரம் கிளம்பியபோதும் இதையே சொன்னார். வயது 64. மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். 18 வருஷமாக சர்க்கரை நோய். கடைசி ஆறு வருஷமாக காலையும் இரவும் இன்சுலின் ஊசி. ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் பந்தி தாமதமாகி, மண்டபத்து வாசலிலேயே மயங்கி விழுந்தார். பத்துப் பேர் சுற்றி நின்று விசிறினார்கள். அன்றிலிருந்து வெளியூர் என்றாலே ஒதுங்கிவிடுவார். பயம் பாதி. தன்னால் எல்லோருக்கும் தொல்லை என்ற கூச்சம் மீதி.

இந்த முறை அரையாண்டு லீவுக்கு முதுமலை போகலாம் என்று முடிவெடுத்தது எட்டு வயதுப் பேரன். "அப்புச்சி வந்தாத்தான் நான் வருவேன்" என்று ஒற்றைக்காலில் நின்றான். வேறு வழியில்லாமல் அப்புச்சியும் பையை எடுத்தார்.

இது அந்த ஒரு வீட்டுக் கதை மட்டுமில்லை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவிகிதம். ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். அப்படியென்றால், காட்டுச் சுற்றுலாவுக்குக் கிளம்பும் பல வேன்களில் இன்சுலின் பையும் சேர்ந்தே போகிறது. கொஞ்சம் திட்டமிட்டால் யாரும் வீட்டைக் காவல் காக்க வேண்டியதில்லை.

காடு தன் நேரத்துக்குத்தான் நடக்கும்

நீலகிரி மாவட்டத்தில், தமிழ்நாடு, கர்நாடகா, கேரளா மூன்றும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது முதுமலை. 1940-லேயே சரணாலயமானது. 2007-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் பந்திப்பூர், இன்னொரு பக்கம் வயநாடு. நடுவில் மோயார் ஆறு. யானை, காட்டுமாடு, புள்ளிமான், கடமான், செந்நாய், சிறுத்தை, புலி என்று எல்லாம் உண்டு. அண்ணாந்து பார்த்தால் மரத்துக்கு மரம் தாவும் மலபார் மலை அணில், அதிர்ஷ்டம் இருந்தால் வானத்தில் வட்டமிடும் பாறு கழுகு.

இதையெல்லாம் பார்க்க நல்ல நேரம் அதிகாலையும் மாலையும்தான். வெயில் ஏறிவிட்டால் விலங்குகள் நிழலுக்குள் போய்விடும். சர்க்கரை நோயாளிக்குச் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வீட்டில் ஏழரைக்கு ஊசி, எட்டு மணிக்கு இட்லி என்று கடிகாரம் மாதிரி ஓடிய உடம்பை ஐந்து மணிக்கே எழுப்பிவிடுகிறோம். டிபன் பத்து மணிக்குத் தள்ளிப்போகிறது. டிக்கெட் வாங்கக் காத்திருக்கும் நேரம் சவாரி நேரத்தைவிட நீளமாக இருப்பதும் உண்டு. வண்டி காட்டுக்குள் போய்விட்டால் இறங்க முடியாது, சாப்பிடக் கூடாது, செல்போன் சிக்னலும் பல இடங்களில் கிடைக்காது.

அதாவது, சர்க்கரை இறங்கிவிடக் கூடாத நேரத்தில், இறங்குவதற்கான எல்லா வசதியும் அங்கே இருக்கிறது.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு மகள் அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போனார். வழக்கமான செக்கப் மாதிரி இல்லாமல், பயணத்தின் நேர அட்டவணையை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனதுதான் அவர் செய்த புத்திசாலித்தனம். எத்தனை மணிக்கு எழ வேண்டும், எப்போது வண்டி, எப்போது சாப்பாடு, எவ்வளவு நடை என எல்லாம் அதில் இருந்தது.

கேட்ட கேள்விகள் மூன்று. சஃபாரி அன்று காலை ஊசியை எப்போது போடுவது, எவ்வளவு போடுவது? சாப்பிடும் மாத்திரைகளில் எது பட்டினியில் சர்க்கரையைக் குறைக்கும்? மீட்டரில் எந்த எண் வந்தால் வண்டியில் ஏறக் கூடாது?

இந்த இரண்டாவது கேள்வி பலருக்குத் தோன்றுவதே இல்லை. இன்சுலின் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் 'லோ சுகர்' வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டிபனைத் தள்ளிப்போட்டாலும் சர்க்கரை இறங்கும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சிறுநீரை அதிகமாக்கும். காட்டுக்குள் 'ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்துங்க' என்று சொல்ல முடியாது என்பதால் அதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். எதையும் நாமாகக் கூட்டிக் குறைக்கக் கூடாது. கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அப்புச்சிக்கு டாக்டர் சொன்ன கணக்கு எளிமையானது: "சஃபாரி அன்னிக்கு காலைல ஊசி வேண்டாம். வெறும் வயித்துலயும் போகாதீங்க, ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. திரும்பி வந்து, டிபன் தட்டு முன்னால வந்தப்புறம் ஊசியைப் போடுங்க." இது அவருடைய உடம்புக்கான கணக்கு. இன்னொருவருக்கு அவருடைய டாக்டர் வேறு கணக்குச் சொல்வார்.

பையில் என்னென்ன?

மருந்துச் சீட்டின் நகல் ஒன்று. பயண நாளுக்குத் தேவையானதைப்போல இரண்டு மடங்கு இன்சுலின், மாத்திரை, ஊசி. அதையும் ஒரே பையில் வைக்காமல் இரண்டாகப் பிரித்து, ஒன்று மகளிடம், ஒன்று அம்மாவிடம். ஒரு பை தொலைந்தாலும் இன்னொன்று இருக்கும். முதுமலையில் இது வெறும் பேச்சுக்கு இல்லை. தெப்பக்காட்டில் குரங்குகள் கண்மூடித் திறப்பதற்குள் பையைப் பிடுங்கிக்கொண்டு மரமேறும். அதற்கு பிஸ்கட்டும் தெரியாது, இன்சுலினும் தெரியாது.

குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், கூடுதல் பேட்டரி. அதோடு குளுக்கோஸ் பொடி. இதை அம்மா தயார் செய்தவிதம் அழகு. மூன்று டீஸ்பூன் பொடியை அளந்து, விபூதிப் பொட்டலம் மாதிரி காகிதத்தில் மடித்து, மொத்தம் எட்டுப் பொட்டலம். ஒன்று சுமார் 15 கிராம். அவசரத்தில் டப்பாவைத் திறந்து அளந்துகொண்டிருக்க நேரமிருக்காது.

"சாக்லேட் இருக்குதே, அது போதாதுங்களா?" என்று மருமகன் கேட்டார். போதாது. சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்டும் உடனடி உதவிக்கு ஆகாது. அகார்போஸ், வோக்ளிபோஸ் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரைகூட வேகமாக வேலை செய்யாது. அவர்களுக்குக் குளுக்கோஸ்தான் வேண்டும்.

மலை ஏறும்போது...

நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. கிளம்பும் முன்பே இணையத்தில் எடுத்துவிட்டால் சோதனைச் சாவடியில் நிற்க வேண்டியதில்லை. அடுத்தது தண்ணீர். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு மாவட்டத்தில் தடை. வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பு வேண்டாம். ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொண்டால் போதும், வழியில் தண்ணீர் ஏ.டி.எம்.களில் நிரப்பிக்கொள்ளலாம்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இரண்டு வழி. கல்லட்டி வழி குறுக்கு. ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். வெளியூர் வண்டிகள் அதில் இறங்கக் கட்டுப்பாடு உண்டு. பைக்காரா, நடுவட்டம், கூடலூர் என்று சுற்றிப்போகும் வழிதான் பாதுகாப்பானது. நேரம் கூடுதலாகும் என்பதால் மதியச் சாப்பாட்டை எங்கே, எத்தனை மணிக்கு என்று முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

வளைவுகளில் வாந்தி வரும் பழக்கமுள்ளவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஊசி போட்டு, சாப்பிட்டு, அந்தச் சாப்பாடு வாந்தியாக வெளியே வந்துவிட்டால், உள்ளே போன இன்சுலின் மட்டும் தனியாக வேலை செய்யும். அதனால் வாந்தி எடுத்தவுடன் ஒருமுறை சுகர் பார்க்க வேண்டும். பயண மாத்திரை போடலாமா என்பதையும் டாக்டரிடமே கேட்டுவிடலாம்.

வண்டியை ஓட்டுகிறவருக்கே சுகர் என்றால் இன்னும் கவனம். ஸ்டியரிங்கைப் பிடிக்கும் முன் ஒருமுறை மீட்டர், நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீட்டர். மலைப்பாதையில் தலை கிறுகிறுத்தால் ஓரங்கட்ட எல்லா இடத்திலும் இடம் இருக்காது. மைசூரு பக்கமிருந்து வருகிறவர்கள் பந்திப்பூர் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை வாகனங்களுக்குத் தடை என்பதை மறக்கக் கூடாது. கேட் மூடியபிறகு போய் நின்றால், இரவுச் சாப்பாடும் ஊசியும் சேர்ந்தே சிக்கலாகும்.

இன்சுலினுக்குக் குளிரும் ஆகாது, வெயிலும் ஆகாது

ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே. மசினகுடி அதில் பாதி உயரம்கூட இல்லை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். அதே நாள் மதியம் மசினகுடியில் சட்டை நனைய வேர்க்கும். ஒரே நாளில் இரண்டையும் இன்சுலின் தாங்க வேண்டும்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பயன்பாட்டில் இருப்பதைச் சாதாரண அறை வெப்பத்தில் பெரும்பாலும் நான்கு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம். சரியான நாள் கணக்கு அட்டைப்பெட்டியிலேயே அச்சாகி இருக்கும். நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைத்தால் வெந்துவிடும். உறைபனி இரவில் காரிலேயே விட்டால் உறைந்துவிடும். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகி முன்புபோலவே தெரிந்தாலும் பயனில்லை. விடுதி ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரை ஒட்டி வைக்காமல், கதவுப் பக்கத்தில் வைப்பது நல்லது. ஐஸ் கட்டியோடு நேரடியாக ஒட்டியும் வைக்கக் கூடாது, இடையில் ஒரு துண்டு சுற்றிக்கொள்ளலாம். மின்சாரம் போகும் இடமென்றால் பாட்டி காலத்து வழியே கைகொடுக்கும். சின்ன மண்பானையில் ஈர மணல் போட்டு, நடுவில் டப்பாவை வைத்தால் போதும்.

மசினகுடி விடுதியில் அன்றிரவு குளிர்காய நெருப்பு மூட்டியிருந்தார்கள். பக்கத்தில் பஃபே. கேசரியைப் பார்த்து அப்புச்சி ஒரு பெருமூச்சு விட்டார். "ஒரு ஸ்பூன் எடுத்துக்குங்க. அதோட நிறுத்திக்கோணும்" என்றார் அம்மா. அவர் இரண்டு சப்பாத்தி, காய்கறிக் கூட்டு, ஒரு ஸ்பூன் கேசரி. பேரனுக்கு மட்டும் காதில் சொன்னார்: "நாளைக்கு யானை பார்த்தா உங்க அம்மாயி இன்னொரு ஸ்பூன் தருவா பாரு."

அன்றிரவே ஒருவர் வந்து, "ராத்திரி ஜீப் சஃபாரி போலாங்களா சார்?" என்று கேட்டார். காட்டில் இரவுச் சவாரி சட்டவிரோதம். மருமகன் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

கொம்பன் நின்ற இடம்

மறுநாள் காலை ஐந்தரைக்கு எல்லோரும் எழுந்தபோது அப்புச்சி ஏற்கெனவே குளித்து, திருநீறு பூசி, தயாராக உட்கார்ந்திருந்தார். சர்க்கரை போடாத டீயும் இரண்டு பிஸ்கட்டும் முடிந்திருந்தது. விடுதிச் சமையல்காரரிடம் சொல்லிவைத்த இட்லி வரவில்லை. "பரவால்லீங், எட்டு மணிக்குள்ள வந்துடுவோம்" என்றார். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

தெப்பக்காட்டில் கூட்டம். வனத்துறை வேனில் இடம் கிடைத்தபோது ஏழு தாண்டிவிட்டது. ஏறும்போதே மகள் ஓட்டுநரிடம் சொல்லிவைத்தார்: "அண்ணா, அப்பா இன்சுலின் போடறவரு. உள்ள ஏதாவது முடியலைன்னா குளுக்கோஸ் மட்டும் குடுப்போம், வேற எதுவும் சாப்பிட மாட்டோம்." அவர் தலையாட்டினார். "கைல வெச்சுக்குங்க. கீழ மட்டும் எதையும் போட்டுறாதீங்க."

புள்ளிமான் கூட்டம். தேக்கு மரங்களுக்கிடையே ஒரு காட்டுமாடு. பனி இன்னும் விலகவில்லை. ஒரு வளைவில் வண்டி நின்றது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். சாலையோரத்தில் ஒரு கொம்பன், புல்லைப் பிடுங்கி முன்காலில் தட்டி மண்ணை உதிர்த்து, நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. வண்டிக்குள் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

பேரன் பயத்தில் அப்புச்சியின் கையைப் பிடித்தான். பிடித்தவன் திரும்பிப் பார்த்தான்.

"அப்புச்சி, உங்க கை ஏன் ஈரமா இருக்குது?"

"யானையைப் பார்த்துச் சந்தோசம் சாமி."

கை நடுங்குகிறது. நெஞ்சு படபடக்கிறது. வேர்க்கிறது. காட்டுயானையைப் பத்தடியில் பார்த்தால் யாருக்கும் இதெல்லாம் வரும். சர்க்கரை இறங்கினாலும் இதேதான் வரும். காட்டில் இதுதான் பெரிய ஏமாற்று. பயமா, சந்தோஷமா, லோ சுகரா என்று உடம்பைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. பல வருஷமாக நோயுள்ளவர்களுக்கு இந்த எச்சரிக்கைகளே மங்கிப்போவதும் உண்டு. ரத்தக் கொதிப்புக்காக சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம், வேர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். அதனால் சந்தேகம் வந்தால் மீட்டரைக் கேட்பதுதான் வழி. மீட்டர் கையில் இல்லையென்றால் லோ சுகர் என்றே எடுத்துக்கொண்டு குளுக்கோஸ் கொடுத்துவிட வேண்டும்.

டிசம்பர் பனியில் நெற்றி வேர்த்திருப்பதை மகள் பார்த்தார். மீட்டரைக் குளிரில் வெளியே வைக்காமல் ஸ்வெட்டருக்குள் வைத்திருந்தார். கடும் குளிரில் சில மீட்டர்கள் எண்ணுக்குப் பதிலாக 'எரர்' காட்டும். விரலில் ஒரு துளி. 61.

70-க்குக் கீழே போனாலே லோ சுகர். பொட்டலம் பிரிந்தது. பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர், அதில் பொடி. கொம்பன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்புச்சி குடித்து முடித்து, காகிதத்தை மடித்து மகள் கையில் கொடுத்தார்.

அப்போதுதான் சொன்னார், மெதுவாக: "ஊசி போட்டுட்டேன் சாமி. அஞ்சே கால் இருக்கும். கை பழகிப்போச்சு. நீங்கெல்லாம் தூங்கிட்டு இருந்தீங்க, எழுப்ப வேண்டாம்னு..."

யாரும் திட்டவில்லை. யானைக்குப் பத்தடியில் யாரும் யாரையும் திட்ட முடியாது. 15 கிராம் கொடுத்தால் 15 நிமிஷம் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் மறுபடி 15 கிராம். அந்தப் பதினைந்து நிமிஷமும் கொம்பன் அங்கேயே நின்றது. ஒருவேளை அந்த வேனில் வேறு யாரும் ஒரு யானையை அவ்வளவு நேரம், அவ்வளவு அமைதியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். அடுத்த துளி: 88.

வேன் திரும்பியதும் முதல் வேலையாக, வரவேற்பு மையத்துக்கு வெளியே வண்டிக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அம்மா கொண்டுவந்த கடலைச் சுண்டலும் நான்கு பிஸ்கட்டும். குளுக்கோஸ் சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும். காலையில் போட்ட ஊசியோ இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். அதனால் குளுக்கோஸோடு நிறுத்தாமல் கொஞ்சம் கெட்டி ஆகாரம் அவசியம்.

அம்மா மட்டும் ஒரு வார்த்தை கேட்டார். "ஏனுங்க, எங்களை எழுப்பறது தொந்தரவுன்னு நினைச்சீங்களே... உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா அது தொந்தரவு இல்லீங்களா?" அவர் பதில் சொல்லவில்லை. சுண்டலை மென்றுகொண்டிருந்தார்.

மயங்கிவிட்டால்?

நினைவு தப்பியவர் வாயில் தண்ணீரோ குளுக்கோஸோ ஊற்றவே கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும். பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். சிக்னல் இல்லையென்றால் வனத்துறை ஊழியரிடம் சொன்னால் அவர்கள் வயர்லெஸ்ஸில் பேச வழியுண்டு. கூடலூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எது எவ்வளவு தூரம் என்பதை அறை எடுக்கும்போதே விடுதியில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

யானைக்கும் டயட் சார்ட்!

மாலையில் தெப்பக்காடு யானைகள் முகாம். ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படத்துக்குப் பிறகு இங்கே கூட்டம் கூடிவிட்டது. ஆனால் முகாமின் உண்மையான அழகு அதன் சமையல்கூடத்தில் இருக்கிறது. கேழ்வரகு, கொள்ளு, அரிசி வேகவைத்து, வெல்லம், உப்பு, தாது உப்புக் கலவை சேர்த்து உருண்டை பிடிக்கிறார்கள். எல்லா யானைக்கும் ஒரே அளவு இல்லை. வயது, எடை, உடல்நிலை பார்த்து கால்நடை மருத்துவர் சொல்லும் அளவு. மருந்து வேண்டிய யானைக்கு உருண்டைக்குள்ளேயே மருந்து. ஓய்வு பெற்ற வயதான யானைகளும் உண்டு. பாகன் உருட்டி வாயில் வைக்கிறார், யானை கண்ணை மூடி வாங்கிக்கொள்கிறது.

அப்புச்சி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்புச்சி, இந்த யானைக்கும் ரிட்டயர்மென்ட் ஆயிடுச்சாம். உங்களை மாதிரியே!" என்றான் பேரன். "ஆமா சாமி. ஆனா அது வம்பு பண்ணாம மருந்து சாப்பிடுது பாரு" என்றார் அம்மா. முதல் முறையாக அன்று அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

காலையும் கொஞ்சம் பாருங்க

சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்வு குறைந்திருந்தால் முள் குத்தினாலும் தெரியாது. மழைக்காலத்தில் அட்டை ஒட்டினாலும் தெரியாது. காட்டில் செருப்பு வேண்டாம், பழகிய ஷூ போதும். புது ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு போகக் கூடாது, கொப்புளம்தான் மிஞ்சும். அறைக்குத் திரும்பியதும் சாக்ஸைக் கழற்றி, விரல் இடுக்கு உட்பட யாராவது ஒருவர் பார்த்துவிட வேண்டும். அந்த வீட்டில் இந்த வேலை பேரனுக்கு. டார்ச் அடித்து ஒவ்வொரு விரலாக எண்ணுவான். குளிர்காயும்போது நெருப்புக்கு அருகில் காலை நீட்டுவதும் வேண்டாம். சூடு தெரியாமலே சுட்டுவிடும்.

இன்னொன்று, அடிக்கடி சிறுநீர் போக வேண்டுமே என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது. வண்டியேறும் முன் கழிவறைக்குப் போய்விட்டு, வழக்கம்போல் குடிக்கலாம். பயன்படுத்திய ஊசிகளை ஒரு கெட்டியான மூடிபோட்ட டப்பாவில் போட்டு வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். காட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டால் அது குரங்கின் கைக்கோ, மானின் வாய்க்கோ போகும்.

வீட்டில் டைப் 1 நோயுள்ள குழந்தை இருந்தால் மேலே சொன்னதில் பெரும்பாலானவை பொருந்தும், கொஞ்சம் கூடுதலாக. ஓடி விளையாடிய நாளில் இரவில் சர்க்கரை இறங்கலாம், படுக்கும் முன் ஒருமுறை பார்ப்பது நல்லது. கையில் சென்சார் ஒட்டியிருந்தால் சஃபாரி நேரத்தில் அதன் அலாரத்தை வைப்ரேஷனில் வைக்கலாம், அணைத்துவிடக் கூடாது.

கிளம்பும் முன் ஒரு பார்வை

* நேர அட்டவணையோடு டாக்டர் சந்திப்பு, மருந்துச் சீட்டு நகல்
* இரண்டு பைகளில் இரண்டு மடங்கு மருந்து
* 15 கிராம் குளுக்கோஸ் பொட்டலங்கள், நோயாளியின் சட்டைப் பையிலும் ஒன்று
* மீட்டர், ஸ்ட்ரிப், பேட்டரி, விரல் துடைக்கத் தண்ணீர் (பழம் உரித்த கையில் சோதித்தால் எண் தவறாகக் கூடும்)
* இ-பாஸ், ஸ்டீல் பாட்டில், பழகிய ஷூ
* சஃபாரி நேரத்தை அன்றன்றைக்கு உறுதி செய்யவும். கோடையில் காட்டுத்தீ அபாயம் இருந்தால் சவாரி நிறுத்தப்படலாம்
* வேனில் ஏறும்போதே ஓட்டுநரிடம் தகவல்

மூன்றாம் நாள் காலை. பேரனுக்குப் புலி பார்த்தே ஆக வேண்டும் என்று இன்னொரு சவாரி. ஐந்து மணிக்கு அப்புச்சிக்கு விழிப்பு வந்துவிட்டது. கை ஊசிப் பையைத் தேடிப் போனது. எடுக்கவில்லை. மகளின் அறைக் கதவைத் தட்டினார்.

"சாமி, எந்திரி. இட்லி சொல்லியிருக்கேன். நாலு பேரும் சேர்ந்தே சாப்பிடலாம்."

அன்றும் புலி வரவில்லை. ஆனால் வேனில் ஏறும்போது, மகள் வாயைத் திறப்பதற்குள் அவரே ஓட்டுநரிடம் சொன்னார்: "தம்பி, எனக்கு சுகருங்க. ஊசி போடறவன். இன்னிக்கு இன்னும் போடலீங்க, வந்துதான் போடோணும்." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே ஒரு பொட்டலம் இருந்தது.

ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்ததும் பேரனிடம் கேட்டார்: "முழுப்பரீட்சை லீவு எப்பச் சாமி?"